அரிசி மூட்டைக்கு முன் சீட், எனக்குப் பின் சீட்

சிறிய காரில் குருணிலிருந்து பாலிங் வரை போகலாமா என்று போன வாரம் வாசகர்கள் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். தாராளமாகப் போகலாம். எண்பதுகளின் நடுவில், ஒரு டிசம்பர் சனிக்கிழமை, நான் அந்த வழியில் போய் வந்தவள். அன்று ஊர் பார்க்கப் போகவில்லை. ஏழு மாதம் நிறைந்த என் தங்கை தேவியைப் பிரசவத்துக்கு அழைத்து வரப் போனோம். அதற்கு முன் இரண்டு முறை அவளுக்குக் கரு தங்கவில்லை. இந்தப் பிள்ளையாவது நல்லபடியாக வந்து சேர வேண்டுமே என்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

என் வீட்டுக்காரர் மாணிக்கம் அப்போதுதான் பழைய சின்னக் கார் ஒன்று வாங்கியிருந்தார். விற்றவர் ஒரு விளம்பரத் தாளும் கொடுத்திருந்தார். அதில் அதே மாதிரிக் கார் ஒன்று சுவரில் மோதி மூக்கு நசுங்கி நிற்கும். உள்ளே இரண்டு பொம்மைகள் அலுங்காமல் உட்கார்ந்திருக்கும். "பாத்தியா, இடிச்சே காட்டிட்டாங்க லா. நம்ம கெரேத்தா கெட்டி," என்று காரைத் தட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் அந்தத் தாளைக் காட்டுவார். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்குப் புத்தி எங்கே போயிற்று? நான் ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் தாதி. கார்க் கண்ணாடியில் இடித்துக்கொண்டு வந்த எத்தனையோ நெற்றிகளுக்குக் கட்டுப் போட்டிருக்கிறேன். பொம்மைகளின் தோளில் பெல்ட் இருந்ததைத்தான் நான் முதலில் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் அப்போது பெல்ட் என்பது போலீஸைக் கண்டால் தோளில் எடுத்துப் போட்டுக்கொள்கிற துண்டு. கொக்கியை யாரும் மாட்ட மாட்டார்கள்.

ஆகவே நானே ஒரு சோதனை வைத்தேன். இருபது கிலோ அரிசி மூட்டையை முன் சீட்டில் உட்கார வைத்து, தோட்டத்துச் செம்மண் சாலையில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, "இப்ப பிரேக்க மிதிங்க" என்றேன். மூட்டை முன்னால் போய் முட்டி, வாய் பிளந்து, கார் முழுக்க அரிசி. மாணிக்கம் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம். அள்ளித் தைத்து, பெல்ட் மாட்டி, மறுபடி ஓட்டினோம். மூட்டை இம்மியும் நகரவில்லை. எனக்கு அவ்வளவு திருப்தி.

காலை 6.45க்குக் கிளம்பினோம். பன்னிரண்டு வெள்ளி கொடுத்துப் பெட்ரோல் போட்டோம். சுங்கைப் பட்டாணி வரை 24 கிலோமீட்டர், அங்கிருந்து கோலக் கெட்டில் 22. அங்கே தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கும் தேத்தண்ணியுமாகப் பசியாறினோம், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு வெள்ளி எண்பது காசு. கூப்பாங் தாண்டினால் இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள்தான். பாலிங்குக்குச் சற்று முன்னால் திரும்பி, தேவி வாழ்க்கைப்பட்ட தோட்டத்துக்குள் நுழையும்போது மணி 8.50.

ராகு காலம் முடிய 10.30 ஆகும் என்று தேவியின் மாமியார் அஞ்சலையம்மா நிறுத்திவிட்டார். அதன்பிறகு நான் தேவியை முன் சீட்டில் உட்கார வைத்துப் பெல்ட்டை இழுத்ததும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாயும் வயிறுமா இருக்கிற புள்ளய கட்டக் கூடாதும்மா. வயித்துல உள்ளதுக்குக் கொடி சுத்திக்கும். பின்னால உக்கார வை, உன் மடியில சாஞ்சுக்கட்டும்."

இரண்டு முறை பறிகொடுத்த வீடு. அவர் பயத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனாலும் விடவில்லை.

"இது கட்டு இல்ல அத்தே, கொக்கி. நீங்களே அமுக்கிப் பாருங்க."

அமுக்கினார். கழன்றது. மாட்டச் சொல்லி மறுபடி அமுக்கினார். மூன்றாவது முறை கழன்ற பிறகு, "சரி, வயித்து மேல படாம போடு," என்றார். நான் பட்டையை வயிற்றுக்குக் கீழே, தொடையோடு ஒட்டிப் போட்டேன். மடியில் முறுக்கு டின்னோடு பின்னால் ஏறிக்கொண்டேன். அந்தக் காலத்துக் கார்களுக்குப் பின்னால் பெல்ட் கிடையாது. எனக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை.

11.20 இருக்கும். கூப்பாங் தாண்டி ஒரு வளைவு. தூறலில் சாலை நனைந்திருந்தது. வளைவுக்கு அப்பால் மரம் ஏற்றிய லோரி ஒன்று டயர் வெடித்து நின்றிருந்தது. எச்சரிக்கைக்காக வெட்டிப் போட்ட தழைகள் அருகில் வந்த பிறகுதான் தெரிந்தன. மாணிக்கம் மிதித்தார், கார் வழுக்கியது. இடது பக்கம் ஒடித்தார். ஒரு ரப்பர் மரத்தில் போய் மோதினோம். காரின் மூக்கு அப்பளமாக நொறுங்கியது.

கண்ணைத் திறந்தபோது என் வாயெல்லாம் ரத்தம். முன் சீட்டின் இரும்பு விளிம்பில் முகம் அடித்திருந்தது. எட்டித் தேவியின் தோளைத் தொட்டேன்.

"வயிறு வலிக்குதா? தண்ணி கிண்ணி போகுதா?"

அவள் என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து ஒரு உதை. நான் அழுதுவிட்டேன்.

லோரி ஓட்டுநர் ஓடி வந்து தேவியைப் பார்த்துவிட்டு, "நாசிப் பாயிக், காக்," என்றார். நல்ல நேரமாம், அக்கா. நல்ல நேரமும் இல்லை, ராகு காலமும் இல்லை. கொக்கி மாட்டியிருந்தது, அவ்வளவுதான். வழியில் வந்த டெக்சியில் பதினைந்து வெள்ளிக்குச் சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரி போனோம். பிள்ளைக்கும் தாய்க்கும் ஒன்றுமில்லை. மாணிக்கத்துக்குத் தோளில் பட்டையின் தடம் மட்டும். எனக்கு முன்பல் ஒன்று போயிருந்தது.

துண்டால் வாயைப் பொத்தி உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துத் தேவி கேட்டாள்: "அக்கா, அந்த அரிசி மூட்டைய பின் சீட்டுல வெச்சுப் பாக்கலியா?"

ஊருக்குத்தான் உபதேசம். பின்னால் உட்கார்கிறவள் நான் என்பதால் சோதிக்கத் தோன்றவே இல்லை. இரண்டு மாதத்தில் பெண் பிறந்தாள், இரண்டே முக்கால் கிலோ.

போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியவை: மழைக்காலமானால் மதியத்துக்குள் திரும்பிவிடுங்கள். சாலையில் தழை கிடந்தால் முன்னால் வண்டி நிற்கிறது என்று பொருள், உடனே வேகத்தைக் குறையுங்கள். கார் சின்னதாக இருப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். எத்தனை பேர் ஏறுகிறீர்களோ அத்தனை கொக்கியும் மாட்டியாக வேண்டும்.

இப்போதும் என் காரில் ஏறுகிறவர்கள், "பின்னாலதானே, பெல்ட் எதுக்கு?" என்பார்கள். நான் பொய்ப்பல்லைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து நீட்டுவேன். இரண்டாம் முறை யாரும் கேட்டதில்லை.