இறக்கத்தில் போட்ட பாட்டு

தம்பானூர் ஸ்டேஷனுக்குள் மழைத்தண்ணீர் ஏறி, ரயிலுக்கு வந்தவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்களே, அதற்கு அடுத்த வருஷம். நான் அப்போது பென்னி சேட்டனின் சுற்றுலா வேனில் கிளீனர். போன வாரம் கழக்கூட்டம் ஜங்ஷனில் டாக்ஸி ஏறியிராவிட்டால் இந்தப் பேச்சே எடுத்திருக்க மாட்டேன். டிரைவர் போனில் ஒரு பாட்டுப் போட்டார். கண்ட்ரி மியூசிக் என்பார்கள், அமெரிக்காவின் நாட்டுப்புறப் பாட்டு. பழைய பாட்டைப் புதுசாக ஒரு பெண் பாடியிருந்தாள். கிடார் தொடங்கியதுமே என் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. வண்டியோ டிராஃபிக்கில் அசையாமல் நிற்கிறது.

"அப்பூப்பா, பிரேக்கு என் பக்கமாக்கும். நீங்க எதுக்கு சவிட்டுறீங்க?" என்றார் டிரைவர், பேரன் தாத்தாவைக் கேட்பதுபோல.

பென்னி சேட்டனுக்கு அந்தப் பாட்டுகள் இருந்தால் சோறு வேண்டாம். துபாயில் நர்ஸாக இருந்த தங்கை கேசட் அனுப்புவாள். தொண்டை கட்டிய கிழவர்கள் பாடும் பழசு ஒரு டப்பா, டிரம்ஸ் அடிக்கும் புதுசு ஒரு டப்பா. பள்ளிக்கூடமே பார்க்காத எனக்கு ஒரு சொல் புரியாது. பொன்முடி மலையடிவாரத்துக் கல்லாற்றில் சாயா குடிக்கும்போது அவர்தான் கதை சொல்வார். "இவன் லாரி ஓட்டுறவன்டா பாண்டி. பொண்டாட்டி பிணங்கிப் போயாச்சு. மத்தவன் ஜெயில்ல கிடக்கான், அம்மைக்கு சுகமில்ல." எல்லாம் நம்ம வீட்டுக் கதைதான், குதிரை மட்டும் கூடுதல்.

பொன்முடி ஏறும்போது அவர் பாட்டு ஒன்று, பயணிகளுக்குச் சினிமாப் பாட்டு ஒன்று. இறங்கும்போது பாட்டே கிடையாது. பிரேக் சத்தம் காதில் விழ வேண்டும். யார் கெஞ்சினாலும் அதில் மாற்றமில்லை.

அன்றைக்குத் தென்காசியிலிருந்து ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம். இறக்கத்தில் மாப்பிள்ளையின் மாமா சீண்டினார்: "என்ன டிரைவரே, எழவு வீட்டு வண்டி மாதிரியில்லா வருது." ஒரு வளைவு தாண்டியது. சேட்டன் என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"பாண்டி, அந்த வேகப் பாட்டைப் போடு. சத்தம் கூட்டு."

இறக்கத்தில் அவர் பாட்டுக் கேட்டதே இல்லை. குனிந்து பார்த்தேன். பிரேக் போய், பெடல் தரையோடு கிடந்தது. அவர் கால் அதன் மேல் சும்மா இருந்தது.

"பேடிக்காதடா. திரும்பி அவங்களப் பாத்துச் சிரி."

சிரித்தேன். கையும் தட்டினேன். எல்லாரும் சேர்ந்து தட்டினார்கள். மாமா இருந்த இடத்திலேயே ஆடினார். சேட்டன் கியரைக் குறைத்துக் குறைத்து, மலைப்பக்கத்து மண்ணில் டயரை உரசி உரசி இறக்கினார். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. எத்தனை பாட்டு போயிற்றோ, கல்லாற்றுக்குக் கொஞ்சம் முன்னால் சாலையோரம் கொட்டிக் கிடந்த மணலில் ஏறி வண்டி நின்றது.

"எஞ்சின் சூடாயி. வேற வண்டி வரும்," என்றார் சேட்டன்.

"வண்டி கிடக்கட்டும், பாட்டு நல்லாருக்கேய்யா. பாடுனது யாரு?" என்றார் மாமா.

சேட்டன் ஒவ்வொருவர் பெயராக நிதானமாகச் சொன்னார். கேசட்டையே அவருக்குக் கொடுக்கச் சொன்னார். நான்தான் அதை வெளியே எடுத்தேன். சேட்டனின் விரல்கள் ஸ்டியரிங்கை விட்டு வரவே இல்லை.

சேட்டன் இப்போது இல்லை. வேனும் ஆக்கர் கடையில் பழைய இரும்பாகப் போயிற்று. அந்தப் பாட்டுகளின் கதை சொல்ல எனக்கு ஆளில்லை. உங்களுக்குத் தென்காசிப் பக்கம் யாரையாவது தெரியுமென்றால் அந்தக் கல்யாண வீட்டாரை விசாரித்து இதைச் சொல்லுங்கள். அன்று கைதட்டியவர்களில் பாதிப் பேர் எதற்குத் தட்டினோம் என்று தெரியாமலே போய்ச் சேர்ந்திருப்பார்கள். மிச்சமிருப்பவர்களுக்காவது தெரியட்டும்.