பார்வையிட வந்தவருக்கு உழுந்து வடை

எங்கள் மாதர் சங்கத்தின் பாலர் பள்ளியில் காலையில் இலைக்கஞ்சி கொடுப்போம். அரிசி வாங்க அரசாங்கம் மானியம் தந்தது. சுன்னாகத்தைச் சுற்றியுள்ள வெங்காயத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகும் பெண்களின் பிள்ளைகள்தான் அங்கே வந்தார்கள். பலருக்கு மத்தியானம் வரை அந்தக் கஞ்சிதான் சாப்பாடு. போரால் பொருளாதாரத் தடை இருந்து, சவர்க்காரமும் சீனியும் கிடைக்காத தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் சங்கத்தின் செயலாளர்.

அந்த ஆண்டு அரசாங்கக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. இனிச் சில சங்கங்களுக்கு மட்டும்தான் மானியமாம். எங்கே தேவை அதிகம் என்பதை ஒரு உத்தியோகத்தர் நேரில் பார்த்து எழுதுவாராம்.

வெளியாள் வருகிறார் என்றதும் நாங்கள் வேறொன்றும் யோசிக்கவில்லை. முற்றம் கூட்டிச் சாணம் தெளித்தோம். அவர் இருக்க நல்ல கதிரைகளை வீடுவீடாக இரவல் வாங்கினோம். ஒளித்து வைத்திருந்த சவர்க்காரத்தை எடுத்துப் பிள்ளைகளைக் குளிப்பாட்டினோம். என் மகளின் சட்டைகளில் நல்லதாக ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு சிறுமியின் தாயிடம் போனேன்.

"உள்ளதை உள்ளபடி பாக்கட்டுமே, அக்கா" என்றாள் அவள்.

"கிழிஞ்ச சட்டையோடை நிண்டால் எங்களுக்கெல்லோ மரியாதையில்லை" என்றேன்.

"அப்ப எனக்கும் ஒரு கூறைச்சீலை தாங்கோ. மாப்பிள்ளை பாக்க வாறார் போலை கிடக்கு."

எல்லோரும் சிரித்தோம்.

வந்தவர் இரண்டு உழுந்து வடை சாப்பிட்டார், சீனி போட்ட தேத்தண்ணி குடித்தார். பிள்ளைகள் தேவாரம் பாடினார்கள். "வடிவாய் வைச்சிருக்கிறியள்" என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் பூரித்துப்போனோம்.

ஒரு மாதம் கழித்து, எங்கள் ஊரின் தேவை ஒப்பீட்டளவில் குறைவு என்று பதில் வந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு கந்தோருக்கு ஓடினேன். அந்த உத்தியோகத்தர் கோபப்படவில்லை.

"அம்மா, நான் கண்டதைத்தான் எழுதினனான். மற்ற ஊரிலை எனக்கு இருக்க ஒரு வாங்கும் இல்லை. நீங்கள் என்னெண்டால் வடை தந்தியள்."

கஞ்சி நின்றது. பிள்ளைகளின் வரவும் நாளுக்கு நாள் குறைந்தது. ஒரு காலை தோட்டப் பாதையால் போனபோது, நான் சட்டை கொடுத்த அந்தச் சிறுமியைக் கண்டேன். சுற்றுக்கட்டு இல்லாத தோட்டக் கிணற்றின் விளிம்பில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தாள். தாய் தூரத்தில் குனிந்து வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்தாள். சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி, பிள்ளையைத் தூக்கினேன். நான் பிடித்த பிடியில் அவள் பயந்து அழுதாள். என் மகளின் வயதுதான் அவளுக்கும்.

"கஞ்சியில்லாத பள்ளிக்கு விட்டு என்ன செய்ய, அக்கா? இஞ்சை எண்டால் எனக்குத் தாற சோத்திலை அவளுக்கும் ஒரு பிடி கிடைக்கும்" என்றாள் தாய். அவள் என்னைக் குறை சொல்லவில்லை.

அன்றே கந்தோருக்கு எழுதினேன். கதிரைகள் இரவல், சட்டைகள் இரவல், உழுந்து ஐந்து வீட்டில் சேர்த்தது என்று எல்லாவற்றையும் எழுதினேன். "ஊர் சிரிக்கப்போகுது" என்று முணுமுணுத்தபடிதான் சங்கத் தலைவி கையெழுத்துப் போட்டார்.

மானியம் அடுத்த ஆண்டுதான் திரும்பி வந்தது. அதுவரை அந்தச் சிறுமி பகலில் என் வீட்டில் இருந்து, என் மகளோடு சாப்பிட்டாள். ஒருத்தியை மட்டும் வைத்திருக்க என்னால் முடிந்தது. மற்றப் பிள்ளைகளைத் தாய்மார் எந்தக் கிணற்றடியில் இருத்தினார்கள் என்று நான் போய்ப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.