ஐந்தாம் மாடிக் கயிற்று மணி

"கோ சேகர், நீங்க குடுத்த ஜெனரேட்டர் தலைவலி குடுக்குது," என்றார் ஹமீது பாய், போனில். 'கோ' என்றால் பர்மிய மொழியில் அண்ணன்.

பதினெட்டு வருடமாக ரங்கூனின் லான்மடா பகுதியில் ஜெனரேட்டர் விற்கிறேன், ரிப்பேரும் பார்க்கிறேன். தலைவலி கொடுக்காத மிஷினை நான் விற்றதில்லை. "கார்புரேட்டர் அடைச்சிருக்கும் பாய். கடை திறந்ததும் வர்றேன்."

"மிஷின் நல்லா ஓடுது. எனக்குத்தான் தல வலிக்குது. ஆயிஷா ரெண்டு தடவ வாந்தி எடுத்துட்டா."

ஆயிஷா அவர் மனைவி. அது டிசம்பர் விடிகாலை. முந்தின சாயங்காலமே மின்சாரம் போயிருந்தது.

"எங்க வெச்சிருக்கீங்க?"

"நீங்க சொன்ன எடத்துலதான். சமையக்கட்டுல."

சொன்னது நான்தான். வெளியே வைத்தால் சத்தத்துக்கு அடுத்த வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார் என்று அவர் பயந்தார். வியாபாரம் நழுவிவிடும் என்று நான் பயந்தேன். ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்று பெரிய இன்ஜினியர் மாதிரிச் சொல்லியிருந்தேன்.

"ஜன்னல் தொறந்திருக்கா?"

"குளிருதுல்ல?"

ரங்கூன் குளிரை வெளியூர்க்காரர்கள் குளிரென்றே ஒப்புக்கொள்வதில்லை. நாங்கள் அதற்கும் ஜன்னலைச் சாத்துவோம்.

"மொதல்ல ரெண்டு பேரும் வெளிய..." என்பதற்குள் லைன் போய்விட்டது. மின்சாரம் நெடுநேரம் இல்லாவிட்டால் போன் டவரும் படுத்துவிடும்.

அவர் வீட்டுக்கு இரண்டு தெரு ஓடினேன். என் ஓட்டத்துக்குத் தெருநாய்கூடக் குரைக்கவில்லை, பரிதாபப்பட்டிருக்கும். மாடிப்படியின் இரும்புக் கதவு பூட்டியிருந்தது. எங்கள் ஊரில் ஒவ்வொரு மாடியிலிருந்தும் தெருவரை ஒரு கயிறு தொங்கும். இழுத்தால் மேலே மணி அடிக்கும். வீட்டுக்காரர் பால்கனிக்கு வந்து, கயிற்றில் சாவியை மாட்டி இறக்குவார்.

ஐந்தாம் மாடிக் கயிற்றை இழுத்தேன். பதில் இல்லை. மறுபடி இழுத்தேன்.

மூன்றாம் மாடி அம்மாள் எட்டிப் பார்த்தார். "யாரு செத்துட்டாங்கன்னு இந்த அடி அடிக்கிற?" என்று பர்மிய மொழியில் கேட்டார். எனக்கும் அதுதான் தெரியவேண்டியிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் சாவி எடுக்க ஓடினார். நான் கயிற்றை விடவில்லை.

ஐந்தாம் மாடிப் பால்கனிக் கதவு திறந்தது. ஹமீது பாய் தள்ளாடி வந்து, கம்பியைப் பிடித்தபடி கயிற்றை மேலே இழுக்க ஆரம்பித்தார். மணி அடித்தால் சாவி இறக்கவேண்டும். அவர் நினைவில் அவ்வளவுதான் மிச்சம்.

"சாவி வேணாம் பாய். அந்தக் கதவச் சாத்தாதீங்க. வாசக்கதவத் தொறந்துட்டு, ஆயிஷாவ பால்கனிக்குக் கூட்டிட்டு வாங்க."

அம்மாள் கீழ்க்கதவைத் திறக்க, ஐந்து மாடி ஏறினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு மிஷினை நிறுத்தி, ஜன்னல்களைத் தள்ளித் திறந்தேன். பால்கனித் தரையில் ஆயிஷா கம்பளியோடு சாய்ந்திருந்தார். கண் திறந்து என்னைப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கி ஹமீது பாய் கேட்டார்: "மிஷின்ல என்னதான் கோளாறு?"

"மிஷின் சரியாத்தான் இருக்கு பாய். எடம் சொன்னவன்தான் கோளாறு."

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களே, எத்தனை கிலோவாட் என்று கேட்பதற்குமுன், எங்கே வைப்பீர்கள் என்று கேளுங்கள். வீட்டுக்குள் என்றால், ஜன்னல் திறந்திருந்தாலும் விற்காதீர்கள். ஜெனரேட்டர் புகையில் இருக்கிற, ஆளைக் கொல்லும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலைவலிதான் முதல் தகவல்.

ஹமீது பாய் இப்போது சோலார் பேட்டரி வைத்திருக்கிறார். வேறு கடையில் வாங்கினார். நியாயம்தான்.