கோழிப்பண்ணைக்குப் பக்கத்தில் ஒரு சிற்பப் பட்டறை

செப்புத் தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டி உருவங்கள் செய்பவர் ரேவதி அக்கா. அந்தச் சத்தத்தாலேயே சென்னையில் இரண்டு வாடகை வீடுகளைக் காலி செய்தவர். கடைசியில் நாமக்கல் பக்கம் ஒரு துண்டு நிலம் வாங்கி, தங்க ஓர் அறையும் வேலைக்கு ஒரு பட்டறையும் வேண்டும் என்று என்னிடம் வந்தார். கட்டட வடிவமைப்பு என் தொழில். வேலை முடிந்து, போன ஜனவரியில் சாவி கொடுக்கப் போனேன். ஊருக்கு வெளியே இப்படிச் சின்னதாக ஏதாவது கட்ட நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து இரவு ரயில், விடியும்போது சேலம். புது பஸ் ஸ்டாண்டில் நாமக்கல் பஸ். இறங்க வேண்டியது புதுச்சத்திரம். எல்லா பஸ்ஸும் அங்கே நிற்காது, கண்டக்டரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். (நான் கேட்காமல் ஏறி, அசடு வழிய இறங்கினேன்.) சுமார் நாற்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். அங்கிருந்து உள்ளே நான்கு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய்.

"கோழிப்பண்ணைக்குங்களா, பக்கத்துல புதுசா கட்டியிருக்கற ஊட்டுக்குங்களா?" என்று கேட்டார் ஆட்டோக்காரர்.

என் கவலையே அந்த இரண்டும் பக்கத்தில் இருப்பதுதான்.

பண்ணை சரோஜா என்பவருடையது. அஸ்திவாரம் தோண்டும்போதே வந்து சொல்லிவிட்டார்: "சத்தம்னா கோழிக்கு ஆகாதுங்க. தீபாவளிக்கு வெடி போட்டாலே கூண்டுக்குள்ள படபடன்னு அடிச்சுக்கும். அப்பறம் முட்டை ஒழுங்கா வராதுங்க." சண்டை போடவில்லை, உள்ளதைச் சொன்னார். ரேவதி அக்கா உடனே, "உங்க கோழி பயந்தா நான் இங்க சுத்தியலைத் தொடமாட்டேங்க" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். கையிலிருந்ததையெல்லாம் அந்த நிலத்தில் போட்டிருந்தார். எனக்குத்தான் தூக்கம் போனது.

வரைந்ததை அப்படியே ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன். பட்டறையின் தரையை இரண்டடி பள்ளத்தில் இறக்கினோம். பண்ணை இருக்கும் மேற்குப் பக்கம் ஜன்னலே கிடையாது. இரட்டைக் கல் சுவர், நடுவில் மண். தோண்டிய மண்ணை அந்தச் சுவருக்கு வெளியே மேடாகக் குவித்தோம், மாலை வெயிலும் உள்ளே வராது. கூரைக்கு அடியில் சத்தத்தை உறிஞ்சத் தென்னைநார்ப் பாய். திறப்பெல்லாம் கொல்லிமலையைப் பார்த்த கிழக்கில். படுக்கும் அறை, வேப்ப மரத்தைத் தாண்டித் தனியாக. காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கோழி காகிதம் பார்க்காதே.

சாவி கொடுக்கப் போன அன்று காலை பத்து மணிக்குச் சோதனை. ரேவதி அக்கா பட்டறையில். நான் கோழிக்கு நோய் தொற்றாமலிருக்கக் கால்களை மருந்துத் தண்ணீரில் நனைத்துவிட்டு, சரோஜாவோடு ஷெட்டுக்குள் நின்றேன். போனில் சொன்னதும் முதல் தட்டு விழுந்தது. தூரத்தில் யாரோ கதவைத் தட்டுவது போல மெலிதாகக் கேட்டது.

வரிசை முழுக்கத் தலைகள் நிமிர்ந்தன. கொக்கரிப்பு நின்றது.

ஒரு கோழி இரையைக் கொத்தியது. அடுத்தது. பிறகு ஷெட் முழுக்கப் பழைய இரைச்சல்.

"பெரிய சுத்தியலு இல்லீங்களா? அதையும் அடிக்கச் சொல்லுங்க" என்றார் சரோஜா.

போனில் சொன்னேன், ரேவதி அக்கா அடித்தார். சரோஜா ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்து, ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துவிட்டு வந்தார். "தின்னுதுங்க. பயந்திருந்தா இரைல வாயே வெக்காதுங்க. அவிங்களத் தாராளமா வேலை பாக்கச் சொல்லுங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோழி வாசனையால் என்று சமாளித்தேன்.

போன் செய்தால் ரேவதி அக்கா எடுக்கவில்லை. ஓடிப்போய் வாசலில் நின்றேன். "அக்கா, சாப்பிடுதுங்க!" என்று கத்தினேன். சுத்தியலைக் கீழே வைத்து, தரையிலேயே உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் சிரித்தார்.

கட்ட நினைப்பவர்களுக்கு: நிலம் பார்க்கும்போதே பக்கத்தில் யார், என்ன தொழில் என்று கேளுங்கள். வரைபடத்துக்கு முன் அவர்களிடம் பேசுங்கள். மழைக்குப் பிறகு இங்கே ஈ அதிகம், ஜன்னலுக்கு வலை அடியுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் பார்க்க வராதீர்கள், வெயில் தாங்காது.

மாலையில் ஆட்டோ வந்தது. "கிளம்பறேன் அக்கா" என்றேன். தகட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் ஆட்டினார். வாசல் வரைகூட வரவில்லை. இவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வீட்டிலிருந்தும் கிளம்பியதில்லை.