பின்பக்க இடது ஸ்பீக்கர்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒன்று சொல்லப் போகிறேன். கட்டுக்கதை என்று தோன்றினால் இப்போதே எழுந்து போய்விடுங்கள். இது நடந்தது. இதில் வருகிற தம்பியே என்னிடம் சொன்னது. நடந்ததும் ராத்திரியில் இல்லை, பட்டப்பகலில்.

அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணன் ஓய்வுபெற்ற பஸ் மெக்கானிக். தம்பி அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். இருவருக்கும் கல்யாணம் காட்சி இல்லை. பழைய ராக் ஆல்பங்கள்தான் பெண்டாட்டி பிள்ளை. சண்டையும் அதில்தான். அண்ணனுக்கு இரண்டு ஸ்பீக்கர் ஸ்டீரியோ போதும். தம்பியோ ஹாலில் ஆறு ஸ்பீக்கர் பெட்டிகளைச் சுற்றி வைத்து, நடுவில் நாற்காலி போட்டு, ஒரே ஆல்பத்தை மூன்று விதப் பதிவில் கேட்டு, புரூஃப் பார்ப்பதுபோல வித்தியாசங்களை நோட்டில் குறித்து மார்க் போடுவார்.

“இருக்கிறது ரெண்டு காது. ஆறு பொட்டி எதுக்குடா? முதுகாலயும் கேக்கப் போறியா?”

“உன் ரெண்டு காதும் பஸ் ஹாரன்லயே போயாச்சு. நீ பேசாதேண்ணே.”

அண்ணனுக்கு நிஜமாகவே ஒரு காது மந்தம். அந்தச் சொல் சுட்டுவிட்டது. மூன்று நாள் இருவருக்கும் பேச்சில்லை.

நான்காம் நாள் ஞாயிறு. பகல் 12.50. அண்ணன் சாப்பிடாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ‘சாப்பிட்டுப் போயேன்’ என்பது தம்பியின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

2.00. முதலில் ஸ்டீரியோ. தம்பி முழுசாகக் கேட்டார். விசேஷமாக ஒன்றும் இல்லை.

2.41. பழைய நாலு ஸ்பீக்கர் பதிவு. முதல் பாட்டு. டிரம்ஸ் அடங்குகிற இடம். பின்னால், இடது பக்கம்...

டொக்... டொக்... டொக்.

தம்பிக்குப் புல்லரித்தது. ஸ்டீரியோவில் இது இல்லையே! நோட்டில் எழுதினார்: “பின் இடது. மரத்தில் தட்டும் ஒலி. அபாரத் துல்லியம்.” அண்ணன் முகத்தில் கரி பூச ஆதாரம் கிடைத்த சந்தோஷம்.

2.58. புதிய ஆறு ஸ்பீக்கர் பதிவு. அதே பாட்டு. அதே இடம்.

டொக். டொக். டொக்.

இன்னும் பலமாக. மார்க்கைக் கூட்டிப் போட்டார்.

பாட்டு முடிந்தது.

தட்டல் முடியவில்லை...

அந்த ஸ்பீக்கருக்குப் பின்னால் இருப்பது அண்ணனின் அறைக் கதவு.

“வேணும்னே பண்றியாண்ணே? கெடுக்கத்தானே?”

தட்டல் தொடர்ந்தது. தம்பி அடுத்த பாட்டின் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

3.14. தட்டல் நின்றது.

3.20. மனசு கேட்கவில்லை. கதவைத் தள்ளினார்.

அண்ணன் கட்டிலில். போர்வை கலையாமல்.

தொட்டார்.

சில்லென்று...

4.05க்கு டாக்டர் வந்தார். தம்பி தலையிலடித்துக்கொண்டு அழுதார். “அண்ணன் உதவிக்குத் தட்டியிருக்காரு டாக்டர். நான் பாட்டுன்னு நெனச்சு மார்க் போட்டுட்டு உக்காந்திருந்தேன். நான்தான் கொன்னுட்டேன்.”

“இல்லீங்க. தூக்கத்துலயே இதயம் நின்னிருக்கு. ஒன்றரைக்குள்ள உயிர் போயிடுச்சு.”

“அப்போ... தட்டினது?”

டாக்டர் போர்வையை விலக்கி, அண்ணனின் வலது கையைத் தூக்கிக் காட்டினார்.

விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது. மரச் சிராய் ஏறியிருந்தது. ஒரு பொட்டு ரத்தம் இல்லை.

“இது செத்ததுக்கு அப்புறம் பட்ட காயம்.”

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டில் எந்தக் கோபமும் ஒரு வேளைச் சோற்றைத் தாண்டாமல் இருக்கட்டும். பேச வேண்டியதை எல்லோரும் உயிரோடு பேசித் தீர்த்து, நிறைவாக வாழுங்கள்.