ஏர்கோனுக்கு மருந்து கொடுத்தவர்

இருநூறு தடவை அடிக்கக்கூடிய இன்ஹேலர் இரண்டு வாரத்திற்குள் எப்படிக் காலியாகும்? கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடியும்வரை பத்துமலை அங்கிளின் பள்ளி வேனில் பின்சீட்டில் போய்வந்த எனக்கு, எல்லாம் கண்ணெதிரே நடந்தும், அப்போது பதில் தெரியவில்லை.

பத்துமலை, கோப்பெங் பக்கத்து எஸ்டேட்டில் ரப்பர் பால் லோரி ஓட்டியவர். எஸ்டேட்டை விற்றதும் சிலிபினுக்கு வந்து வேன் வாங்கினார். பதினெட்டு வருடத்தில் ஒரு நாள்கூட ஒரு பிள்ளையையும் அவர் தாமதமாக இறக்கியதில்லை. அந்தப் பெருமைக்குச் சோதனையாக வந்து சேர்ந்தவள் ஏழு வயது சாந்தினி. அவளுக்கு ஆஸ்துமா; சேர்ந்த வாரமே வேனில் மூச்சிழுப்பு வந்தது. அவள் அம்மா கலாதேவி கையுறைத் தொழிற்சாலையில் காலை ஷிப்ட். தனியாகப் பிள்ளையை வளர்ப்பவர்.

"இன்னொரு தடவை வேன்ல இழுப்பு வந்து, சமாளிக்க முடியலன்னா, நான் வேலைய விட்டுட்டு வீட்டோட இருந்துடுறேண்ணே. வேற வழியில்ல."

கலாதேவி இப்படிச் சொன்னதிலிருந்து பத்துமலைக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் விடியலில், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வேனுக்குள் சாம்பிராணி காட்டுவது அவர் வழக்கம். சாந்தினிக்கு இழுப்பு வந்தது கண்ணேறு என்று முடிவுகட்டி, சாம்பிராணியை இரட்டிப்பாக்கினார். அவளுக்கு இழுப்பும் இரட்டிப்பானது.

அடுத்து, கலாதேவி கொடுத்துவிட்ட இன்ஹேலர். முதல் நாள் நேராக வாய்க்குள் அடித்தார். அவள் திடுக்கிட்டு அவர் விரலைக் கடித்துவிட்டாள். வண்டிக்காரர் மூளை வேலை செய்தது. மறுநாள் முதல், காலையும் மதியமும் வேன் கிளம்பியதும் இன்ஹேலரை ஏர்கோன் துவாரத்தில் வைத்துப் பதினொரு தடவை அடித்தார்.

"பதினொண்ணு எதுக்கு அங்கிள்?" என்று கேட்டேன்.

"உள்ள பதினோரு பிள்ளைங்க இருக்கீங்கல்ல. காத்து எல்லாருக்கும் பங்கு போகும். தலைக்கு ஒண்ணு அடிச்சாத்தான் அவ பங்கு அவளுக்குப் போய்ச் சேரும்."

அடிக்கும்போது அவர் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொள்வார். பிள்ளைகள் பங்கை அவர் தின்னக் கூடாதாம்.

இன்ஹேலர் தீர்ந்தது. கலாதேவி ஷிப்டில் இருந்ததால் பத்துமலையே கிளினிக்குக்குப் போனார். மருந்து கொடுக்கும் நர்ஸ் ரோசரி, சாந்தினியின் மருந்துப் புத்தகத்தைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

"அதுக்குள்ளயா? எப்படி அடிக்கிறீங்க, செஞ்சு காட்டுங்கண்ணே."

பத்துமலை இன்ஹேலரைக் கையில் வாங்கி, சுவரைச் சுற்றிப் பார்த்தார். "இங்க ஏர்கோன் எங்க மிஸ்ஸி இருக்கு?"

ரோசரி சிரிக்கவில்லை. எழுந்து வந்து வேனைத் திறந்தார். சாம்பிராணி வாசம் அவரையே இரும வைத்தது.

"அண்ணே, நீங்க ஒரு கையால நோயக் குடுத்து, இன்னொரு கையால மருந்த வண்டிக்குக் குடுக்குறீங்க. வண்டிக்கா ஆஸ்துமா?"

பிறகு, ஸ்பேசர் என்ற கண்ணாடிபோன்ற குழாயைக் கொண்டுவந்து, அவரையே நோயாளியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கிக் குழாயின் பின்னால் செருக வேண்டும். பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்து, குழாயின் வாயை உதட்டால் இறுக்கிக் கவ்வ வேண்டும். ஒரே ஒரு தடவை அமுக்கி, ஐந்தாறு மூச்சு மெதுவாக இழுத்து விட வேண்டும். கொஞ்சம் பொறுத்து, மறுபடி குலுக்கி, டாக்டர் எழுதிய அளவு மட்டும். "அப்பவும் அடங்கலன்னா ஸ்கூலுக்கு இல்ல, நேரா ஹாஸ்பிட்டலுக்கு. லேட்டானா ஆவட்டும்."

வேனில் சாம்பிராணி நின்றது. மூன்று வாரம் கழித்து, ஊரெங்கும் காட்டுத்தீயின் புகைமூட்டம் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஜாமில் நிற்கும்போது சாந்தினியின் நெஞ்சு விசில் அடிக்கத் தொடங்கியது.

பத்துமலை ஒரு கார் பட்டறை முன்னால் வேனை ஓரம் கட்டினார். குலுக்கினார். செருகினார். ஒரு தடவை அமுக்கினார். "மெதுவா இழும்மா... விடு..." நாங்கள் பத்துப் பேரும் மூச்சை எண்ணினோம். அவளுக்குத் துணையாக அவரும் சேர்ந்து இழுத்தார். ஆனால் பதற்றத்தில் அவள் ஒன்று இழுத்தால் அவர் நான்கு இழுத்தார். தலை சுற்றி, வேன் படியில் சரிந்தார்.

பட்டறைச் சீனர் ஓடிவந்து, சாந்தினியை விட்டுவிட்டு அவருக்கு விசிறினார். "அங்கிள்தான் சாக்கிட்டா?" நோயாளி அவர்தான் என்று நினைத்துவிட்டார்.

சாந்தினி குழாயை வாயிலிருந்து எடுத்தாள். "இன்னும்... ஒண்ணு... பாக்கி... அங்கிள். எந்திரிங்க."

எழுந்தார். மறுபடி குலுக்கினார். இரண்டாவது முடிந்து கொஞ்ச நேரத்தில் விசில் அடங்கியது. அவள் முழு வாக்கியம் பேசினாள்: "உங்களுக்கு வேணும்னா டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக்கங்க."

பதினெட்டு வருடத்தில் முதல்முறையாகப் பிள்ளைகள் தாமதம். பத்துமலை மறைக்காமல் கலாதேவிக்கு ஃபோன் போட்டார். "இழுப்பு வந்துச்சும்மா. ரெண்டு அடிச்சோம். நின்னுருச்சு. இப்ப என்னையக் கிண்டல் பண்ணிக்கிட்டு இருக்கா."

மெஷின் சத்தத்துக்கு நடுவே கலாதேவி சொன்னார்: "சரிண்ணே. சாயந்தரம் கிளினிக்ல காட்டிடுறேன். இப்ப நான் மெஷினுக்குத் திரும்பிப் போறேன்."

இதைப் படித்தவர்கள், பள்ளி வேன் ஓட்டும் ஒருவருக்காவது இந்தக் கதையைச் சொல்லுங்கள். சிரிக்கச் சிரிக்கவே சொல்லலாம், அங்கிள் கோபித்துக்கொள்ள மாட்டார். ரோசரி சொன்ன வரிசையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.