மீன் கூடாரத்தில் சாத்து

மலாக்காவின் காஜா பேராங்கில் குடிவந்த புதிதில் என்னைத் திகைக்க வைத்தவள் பக்கத்து வீட்டுக்காரிதான். நெற்றியில் திருநீறும் குங்குமமும் துலங்கும். வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மன் கோயிலுக்குப் போவாள். ஆனால் உடுத்துவது மலாய்க்காரிகளைப் போல் சாரோங், கெபாயா. வாயைத் திறந்தால் மலாய். மலாக்காச் செட்டிகள் என்று அவர்களுக்குப் பெயர். தமிழ் அவர்கள் நாக்கை விட்டுப் போய்ப் பல தலைமுறை ஆகிறதாம். விடிந்ததும் விடியாததுமாக வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "சூடா மாக்கான்?" என்பாள். சாப்பிட்டாயிற்றா என்று கேட்கிறாள். பல் விளக்குமுன் என்னத்தைச் சாப்பிடுவது என்று எனக்கு எரிச்சலாக வரும். என் பிள்ளைகளோ அவள் பிள்ளைகளோடு மண்ணில் புரண்டே மலாயைக் கரைத்துக் குடித்துவிட்டார்கள். பெரியவனுக்கு எட்டு வயது. சின்னவன் சாத்தப்பனுக்கு ஐந்து. எங்களுக்கு அவன் சாத்து.

மெர்டேக்கா என்று மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் பண்டார் ஹிலிர் திடலில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். ஒரு பெரிய கூடாரத்துக்குள் கண்ணாடித் தொட்டிகளில் உயிரோடு கடல்மீன்கள் விட்டிருப்பதாக ஊரே பேசிக்கொண்டது. எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் வானம் பார்த்த பூமி. மீன் என்றால் கூடைக்காரி தலையில் வரும் செத்த மீன்தான். அதைக் காசு கொடுத்துச் சும்மா பார்த்துவிட்டு வருவதா என்று நான் சிரித்தேன். ஆனால் வட்டிக்கடையே கதியென்று கிடக்கும் என் வீட்டுக்காரர், ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் புறப்படுங்கள் என்றதும் சிரிப்பு நின்றுபோனது. அடுத்த வாரம் நாகப்பட்டினம் கப்பல். அதில் சாத்து போகிறான்.

ஊரில் அவருடைய அண்ணனுக்குப் பிள்ளையில்லை. இரண்டு கட்டு வீடு. உள்ளே புழங்க ஆளில்லை. முந்தின வருஷம் ஊருக்குப் போயிருந்தபோது அண்ணமிண்டி, அதாவது அந்த அண்ணனின் மனைவி, சாத்துவை மடியில் வைத்துச் சோறு ஊட்டினாள். நான் அடுப்படியிலிருந்து கை துடைத்துக்கொண்டு வருவதற்குள் முகப்பில் ஆண்கள் பேசி முடித்துவிட்டார்கள். சின்னவனைப் பிள்ளை கூட்டிக்கொள்வது என்று. தத்தெடுப்பதை எங்களில் அப்படித்தான் சொல்வது. பெற்றவளைக் கேட்டா செய்வார்கள் இதையெல்லாம்? அண்ணமிண்டி நல்லவள், என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் நான் வாய்விட்டுச் சண்டையாவது போட்டிருப்பேன்.

மலாக்கா திரும்பியதும் பாடம் தொடங்கியது. "இப்பமே பழக்கிவிடு. அங்க போயி ஆத்தா ஆத்தான்னு உன்னையத் தேடி அழுதான்னா அண்ணமிண்டிக்குச் சங்கட்டமா இருக்குமுல்ல" என்றார் அவர். அவள்தான் இனி ஆத்தா, நான் சின்னாத்தா. பெற்ற தகப்பனான அவரும் இனி அப்பச்சி இல்லை, சித்தப்பா.

"பால் குடிச்ச வாயால என்னையச் சின்னாத்தான்னு சொல்லச் சொல்றீகளே, நல்லாயிருக்கா?" என்றேன்.

சாத்துவுக்கு அது விளையாட்டு. ஆத்தா எங்கே என்றால் ஊரில் என்பான். இது யார் என்று என்னைக் காட்டினால் சின்னாத்தா என்பான். சரியாகச் சொன்னால் ஒரு மிட்டாய். மிட்டாய் கொடுக்கும்போது அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார்.

கூடாரத்துக்குள் ஈரமும் இருட்டுமாக இருந்தது. தொட்டிகளில் மட்டும் விளக்கு. பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை நசுக்கிக்கொண்டு கூவினார்கள். ஒரு கிழட்டு மீன் வாயைப் பிளந்து பிளந்து மூடியது. அது கடைக்கணக்குப்பிள்ளை மாதிரி இருக்கிறது என்று பெரியவன் சொல்ல, அவர்கூடச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் ஒரு நிமிஷம் கப்பலை மறந்திருந்தேன். திரும்பிப் பார்த்தால் சாத்துவைக் காணோம்.

பெரியவனும் அவரும் ஒரு பக்கம் ஓட, நான் வாசல் பக்கம் ஓடினேன். அங்கே ஒரு மலாய்க் காவல்காரர் சாத்துவின் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்து, "மாக் மானா?" என்று அன்பாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா எங்கே என்று.

சாத்து கொஞ்சமும் தயங்கவில்லை. "மாக் டி இந்தியா" என்றான். அம்மா இந்தியாவில் இருக்கிறாளாம்.

நான் பாய்ந்துபோய் அவனைப் பிடித்தேன். காவல்காரர் விடவில்லை. என்னைக் காட்டி, இது யார் என்று அவனிடம் கேட்டார். "சின்னாத்தா" என்றான். அவருக்கு அது விளங்கவில்லை. அம்மா இல்லை என்பது மட்டும் விளங்கியது. "அனாக் சாயா, அனாக் சாயா" என்று கத்தினேன். என் பிள்ளை என்று சொல்ல அந்த இரண்டு வார்த்தைகளுக்குமேல் எனக்கு மலாய் இல்லை. அவர் சாத்துவைப் பார்த்தார். சாத்து இல்லையென்று தலையாட்டினான். பிள்ளை பிடிக்க வந்தவளைப் பார்ப்பதுபோல் அந்த மனிதர் என்னைப் பார்த்தார். அவர்மேல் என்ன தப்பு?

என் வீட்டுக்காரர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். அவருக்கு நல்ல மலாய் வரும். காவல்காரர் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவர் முகம் செத்துப்போனது. தலையைக் குனிந்துகொண்டு, "அனாக் சாயா" என்றார். அவருக்கும் அந்த இரண்டு வார்த்தைகள்தான் வந்தன. பின்னாலேயே பெரியவன் வந்து, "அடேக் சாயா" என்று தம்பியைக் கட்டிக்கொண்ட பிறகுதான் காவல்காரர் கையை விட்டார்.

சாத்து என் முந்தானையைப் பிடித்து இழுத்தான். முகமெல்லாம் பெருமை. "சரியாச் சொன்னேன்ல, சின்னாத்தா?"

அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். "சரியாத்தேன் சொன்னே, அய்யா" என்றேன். அவர் அன்றைக்கு மிட்டாய் எடுக்கவில்லை.

கப்பல் குறித்த நாளில் கிளம்பியது. இப்போது சாத்து அந்த இரண்டு கட்டு வீட்டின் பிள்ளை, நன்றாக இருக்கிறான். இங்கே பக்கத்து வீட்டுக்காரி கூட்டிவரும் சொந்தக்காரர்கள் எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், இரண்டு என்று விரலைக் காட்டுவேன். ஊருக்குப் போனால் ஒன்று என்றுதான் சொல்ல வேண்டும், அதுதான் முறை. இரண்டு இடத்திலும் பொய் சொல்கிற மாதிரியே இருக்கிறது.